வீடு மாறினால் மார்ட்கேஜும் கூட வருமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் ஒரு பிளாட்டில் இருக்கிறோம். 2023இல் ஐந்து வருடத்துக்கு 5.4% வட்டி என்று ஃபிக்ஸ் செய்த மார்ட்கேஜில் (வீட்டுக் கடனில்) 210,000 பவுண்ட் பாக்கி. ஃபிக்ஸ் முடிய இன்னும் இரண்டரை வருடம். இப்போது ஸ்லோ (Slough) நகரில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். அதற்கு 80,000 பவுண்ட் கூடுதலாகக் கடன் வேண்டும். இடையில் அடைத்தால் 3% பெனால்டியாம். ‘போர்ட் செய்தால் (பழைய வட்டியைப் புது வீட்டுக்கும் கொண்டுபோனால்) கட்ட வேண்டாம்’ என்கிறது வங்கி. பிளாட்டை வாங்குபவருக்கு அவசரம். அதை முதலில் கொடுத்துவிட்டு ஆறு வாரம் அண்ணன் வீட்டில் இருக்கலாமா? நான் மகப்பேறு விடுப்பில் இருக்கிறேன்.

பதில்: இருக்கலாம். ஆனால் அந்த ஆறு வாரத்துக்குள் 3% பெனால்டியான 6,300 பவுண்ட் மாட்டிக்கொள்ளும்.

போர்ட் செய்யும்போது உங்களோடு வருவது பழைய வட்டியும் அதன் நிபந்தனைகளும் மட்டுமே. பழைய கடன் பிளாட் விற்ற அன்றே அடைபட்டுவிடும். புது வீட்டின் மேல் புதுக் கடன் எழுதப்படும். இரண்டும் ஒரே நாளில் நடந்தால் பெனால்டி பேச்சே எழாது. இடைவெளி விழுந்தால், பல வங்கிகள் பெனால்டியை முதலில் பிடித்துக்கொள்ளும்; குறித்த கெடுவுக்குள் புது வீடு கம்ப்ளீட் ஆனால் (பணம் கைமாறி வீடு உங்கள் கைக்கு வந்தால்) திருப்பித் தரும். கெடு வங்கிக்கு வங்கி மாறும்: சிலரிடம் 30 நாள், சிலரிடம் சில மாதம். முப்பது நாள் என்றால் உங்கள் ஆறு வாரத் திட்டம் அங்கேயே முடிந்தது.

பலர் கவனிக்காத இடம் இன்னொன்று. பெனால்டி பிளாட் விற்ற காசிலிருந்தே போகும். ஆனால் புது வீட்டுக்கான டெபாசிட்டும் அதே காசுதானே? திருப்பித் தருவது புது வீட்டின் கம்ப்ளீஷனுக்குப் பிறகுதான். அதுவரை 6,300 பவுண்டை வேறு எங்கிருந்தாவது புரட்டி வைத்திருக்க வேண்டும்.

புதுக் கடன் என்பதால் வருமானத்தையும் வீட்டையும் வங்கி மறுபடி பார்க்கும். ‘போர்ட் செய்யலாம்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் விண்ணப்பத்தை மறுக்க அதற்கு உரிமை உண்டு. மறுத்தால் பெனால்டி உங்கள் தலையில். வேலைக்குத் திரும்பும் தேதியையும் சம்பளத்தையும் குறித்து உங்கள் கம்பெனியிடம் இப்போதே ஒரு கடிதம் வாங்குங்கள். நர்சரிச் செலவையும் கணக்கில் எடுப்பார்கள்.

போர்ட் செய்வது லாபமா? வேறு வங்கி 4.4% தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதவீத வித்தியாசத்தில் வருடத்துக்குச் சுமார் 2,100, இரண்டரை வருடத்துக்கு 5,250 பவுண்ட் மிஞ்சும். பெனால்டி 6,300. ஆகவே போர்ட் செய்வதே மேல், ஆனால் மயிரிழையில்தான். பெனால்டி வருடா வருடம் ஒரு சதவீதம் குறைகிற மாதிரி பல ஒப்பந்தங்கள் இருக்கின்றன. 2% ஆனால் 4,200தான். அந்தத் தேதி பக்கத்தில் இருந்தால் கணக்கு தலைகீழாகலாம். கடன் தந்தபோது வங்கி கொடுத்த ஆஃபர் கடிதத்தில் பெனால்டி பற்றிய பகுதியில் தேதிகள் இருக்கும்.

கூடுதல் 80,000 அன்றைய வட்டியில் தனிப் பகுதியாக ஓடும். அதை ஐந்து வருடத்துக்கு ஃபிக்ஸ் செய்யாதீர்கள். 2028இல் பெரிய பகுதி விடுபடும்போது சின்னது பெனால்டியோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் கட்டாமல் வேறு வங்கிக்கு மாற முடியாது. இரண்டு வருட ஃபிக்ஸ் என்றால் இரண்டும் சில மாத வித்தியாசத்தில் முடியும்.

வாங்குபவருக்குத் தேதி சொல்வதற்கு முன் வங்கிக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்வி அனுப்புங்கள்: கெடு எத்தனை நாள், முழுத் தொகையும் திரும்ப வருமா, அடைத்த நாளிலிருந்து எண்ணுவார்களா? போனில் சொன்னதை நம்பாதீர்கள். பதில் வந்ததும் அப்படியே சொலிசிட்டருக்கு (வீட்டுப் பத்திர வேலையைப் பார்க்கும் வக்கீலுக்கு) அனுப்பிவிட்டு, இரண்டு கம்ப்ளீஷனையும் ஒரே வெள்ளிக்கிழமைக்கு இழுக்க முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் அண்ணன் வீட்டுக்கே போக வேண்டியதில்லை.