6 அங்குல பெஞ்ச் கிரைண்டர் கல்லை டிரெஸ் செய்ய (மழுங்கிய முகத்தைச் சீவிப் புதுக் கூர் கொண்டுவர) ஸ்டார் டிரெஸ்ஸர் வாங்கலாமா, டைமண்ட் வாங்கலாமா?

டைமண்ட் வாங்குங்கள். ஒரே வைரக்கல் பதித்த ஒற்றை முனை வேண்டாம். ஆங்கில 'டி' (T) எழுத்துப் போல இருக்கும், முன்பக்கப் பட்டை முழுக்க வைரத்துகள் பதித்த கைப்பிடி வகை.

கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் 'கல் பளபளவென்று இருக்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் வெட்டவில்லை, உளி முனை நீலமாகிவிடுகிறது, என் கைதான் சரியில்லையோ' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

பட்டறையில் சேர்ந்த புதிதில் உளிகளுக்குச் சாணை பிடிக்கும் வேலை எனக்கு. முனை வைக்கோல் நிறமாகும், பழுப்பாகும், கண் மூடித் திறப்பதற்குள் நீலம் பாய்ந்துவிடும். சாதாரணக் கார்பன் எஃகில் அந்த நீலம் வர ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதற்குள் முனையின் பதம் போய்விடும். "உனக்குக் கை வரலடா" என்பார் மேஸ்திரி. நானும் நம்பினேன். நொடிக்கொரு தரம் தண்ணீரில் முக்கி முக்கி இரண்டு வருடம் ஓட்டினேன்.

ஒரு நாள் வேறு ஏதோ வேலையாக வந்த வயதான டர்னர் (லேத் ஓட்டுபவர்) ஒருவர், நின்றிருந்த கல்லில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "கல்லு செத்துக் கிடக்கு. பையன் என்ன பண்ணுவான்?" என்றார். தன் பையிலிருந்து டிரெஸ்ஸரை எடுத்து நாலைந்து முறை குறுக்கே ஓட்டினார். அதே கல், அதே உளி, அதே கை. பொறி சீராகப் பறந்தது, நீலம் வரவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமும் வந்தது. மேஸ்திரிக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? 'பார்த்துக் கத்துக்க' என்று சொல்லியே ஒரு தலைமுறையை வீணடித்த பெரியவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இன்றைக்கும் எனக்கு இது ஆறவில்லை.

நடப்பது இதுதான். கல்லில் உள்ள துகள் மழுங்கினால் உதிர்ந்து, அடியிலிருக்கும் கூரான துகளுக்கு வழி விட வேண்டும். துகள்களை ஒட்டிவைத்திருக்கும் பிணைப்பு மிகக் கெட்டியாக இருந்தால் மழுங்கிய துகள் உதிராமல் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். பிறகு கல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு. அலுமினியம், பித்தளை பிடித்தாலும் கல்லின் துளைகள் அடைத்து இதே கதிதான்.

என் கைக்காசில் நான் முதலில் வாங்கியது ஸ்டார் டிரெஸ்ஸர். அதன் நட்சத்திரச் சக்கரங்கள் கல்லோடு சேர்ந்து சுழன்று துகளை நொறுக்க வேண்டும், அதற்குத் திடமாக அழுத்தியாக வேண்டும். லேசாகப் பிடித்தால் சறுக்கும், சக்கரப் பற்களே தேய்ந்து போகும். அழுத்தினாலோ என் 6 அங்குல கிரைண்டர் மூச்சு வாங்கியது, மேசையே ஆடியது, கல்லின் முகம் அலை அலையாகிவிட்டது. ஸ்டார் டிரெஸ்ஸரை நான் மட்டம் தட்டுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 10, 12 அங்குல ஸ்டாண்டு கிரைண்டரில் வார்ப்புப் பிசிறு எடுக்கக் கரடுமுரடான முகம்தான் வேண்டும். அங்கே நானும் அதைத்தான் எடுக்கிறேன். நீங்கள் கேட்டது உளிக்கு.

ஒற்றை முனை வைரம் ஹோல்டரில் இறுகி, கல் சுழலும் திசையை ஒட்டி 10 முதல் 15 டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும். வெறும் கையில் பிடித்தால் பள்ளம் பறிக்கும். சிலிக்கான் கார்பைடு குச்சி அடைப்பை நன்றாக எடுக்கும், கல்லை வட்டத்துக்குக் கொண்டுவராது.

'டி' வகையை டூல் ரெஸ்டில் (கல்லுக்கு முன்னால் கருவியைத் தாங்கும் தட்டில்) வைத்து, ஆள்காட்டி விரலை ரெஸ்டின் விளிம்பில் முட்டுக் கொடுத்து, நிறுத்தாமல் இடமும் வலமும் ஓட்டுங்கள். முதலில் டிக் டிக் என்று மேடு மட்டும் தட்டும். சத்தம் ஒரே சீராக வந்ததும் போதும். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் ஒரு ஓட்டில் எடுக்காதீர்கள். சூடான வைரத்தைத் தண்ணீரில் போட்டால் விரிசல் விடும். எஃகிலும் தேய்க்கக் கூடாது. தேய்க்கும் சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்புக்குள் போய்விடும். என்னிடம் இரவல் வாங்கிப் போன ஒருவர் கம்பிப் பிசிறை அதில் தேய்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு டிரெஸ்ஸரை யாருக்கும் கொடுப்பதில்லை. கஞ்சன் என்றால் சொல்லிக்கொள்ளட்டும்.

கண்ணாடியும் தூசி முகமூடியும் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். முடித்ததும் கல் சிறுத்திருக்கும், ரெஸ்டை மறுபடி நெருக்கி இடைவெளியை 3 மில்லிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். கல் சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு என்ற மிகக் கடினமான துகள் பதித்த) வகையாக இருந்தால் வைரத்தை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதற்கு இது தேவையில்லை.

டிரெஸ் செய்த சில நாளிலேயே மறுபடி பளபளத்தால் கல்லே உங்கள் வேலைக்கு அதிகக் கெட்டி. பக்கவாட்டுக் காகிதத்தில் 'ஏ 60' போன்ற எண்ணுக்கு அடுத்து வரும் எழுத்துதான் கெட்டித்தன்மை. அது 'பி' (P), 'கியூ' (Q) என்றிருந்தால் அதைவிட மெதுவான 'கே' (K) அளவில் வெள்ளைக் கல் ஒன்று மாற்றுங்கள். உங்கள் கல்லில் என்ன எழுத்து என்று கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.