ஓடுபாதையை நீட்டச் சொல்லிக் கையெழுத்துப் போடும் முன்: மேரிட்ஸ்பர்க் விமான நிலையம் பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவில் மேரிட்ஸ்பர்க் (பீட்டர்மரிட்ஸ்பர்க்) நகரின் நார்த்டேலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, சக்கர நாற்காலி இல்லாமல் நகர முடியாது. ஜொஹானஸ்பர்க்கில் தம்பி வீட்டுக்கும் அங்குள்ள மருத்துவரிடமும் வருடத்தில் நாலைந்து முறை போய்வர வேண்டியிருக்கிறது. ஒரு தடவை மூடுபனியில் விமானம் மேரிட்ஸ்பர்க்கில் இறங்க முடியாமல் டர்பனுக்குத் திரும்பிவிட்டது, அங்கிருந்து வேனில் வீடு வந்து சேர இரவாகிவிட்டது. இப்போது நகராட்சியின் வரைவுத் திட்டத்தில் ‘விமான நிலைய மேம்பாடு’ என்று ஒரு வரி வந்திருக்கிறதாம். “ஓடுபாதையை நீட்டச் சொல்லித் தெருவே கையெழுத்துப் போடப் போகிறோம், அது சரிதானா? எங்கள் ரேட்ஸ் (சொத்து வரி) ஏறுமா? நாங்கள் சொன்னால் யாராவது கேட்பார்களா?” என்று மூன்று கேள்விகள்.

நகராட்சித் திட்டப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் நேராகவே சொல்கிறேன். அந்தக் கையெழுத்துத் தாளை இரண்டு வாரம் நிறுத்தி வையுங்கள். உங்கள் அம்மா டர்பனுக்குப் போனது ஓடுபாதை குட்டை என்பதால் அல்ல. கோரிக்கை தப்பான இடத்தைத் தொட்டால், காசு வந்தாலும் தப்பான இடத்துக்குத்தான் போகும்.

முதலில் ஓடுபாதைக் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் தெருக்காரர்கள் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நம் ஓடுபாதையின் நீளம் 1537 மீட்டர். ஆனால் இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 739 மீட்டர் உயரம். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, சூடு கூடினாலும் அப்படியே, மெலிந்த காற்றில் விமானம் கிளம்ப அதிக தூரம் ஓட வேண்டும். வடிவமைப்பாளர்கள் போடும் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 7 சதவீதம் நீளம் கூடுதலாக வேண்டும், அப்புறம் அந்த உயரத்துக்குரிய வழக்கமான வெப்பத்தைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் 1 சதவீதம். நம் உயரத்துக்கு அந்த வழக்கமான வெப்பம் பத்து டிகிரி சுமார். ஆக 28 டிகிரி வெயிலில் நம்முடைய 1537 மீட்டர், கடலோரத்தில் குளுமையான நாளில் ஒரு 1100 மீட்டர் ஓடுபாதை செய்யும் வேலையைத்தான் செய்கிறது. ஆகஸ்டில் மலையிலிருந்து இறங்கும் வெப்பமான பெர்க் காற்று அடிக்கும் நாளில் இன்னும் குறையும். பெரிய விமானம் ஏன் வரவில்லை, சில நாள் சுமையை ஏன் குறைக்கிறார்கள் என்பதற்கெல்லாம் இதில் பதில் இருக்கிறது.

சரி, அப்படியானால் நீட்டிவிட வேண்டியதுதானே? தார் போடுவது அதில் சின்ன வேலை. ஓடுபாதை முடிந்த இடத்திலிருந்து 60 மீட்டர் சமதளம், அதற்கு அப்பால் குறைந்தது 90 மீட்டர் பாதுகாப்புப் பகுதி என்பது சர்வதேச விதி, 240 மீட்டர் இருந்தால் நல்லது என்பது அதே விதியின் பரிந்துரை. நிற்க முடியாமல் ஓடிவிடும் விமானம் உடையாமல் நிற்பதற்கான நிலம் அது. ஓடுபாதையை 200 மீட்டர் நீட்டினால் இந்த நிலமும் 200 மீட்டர் வெளியே நகர வேண்டும், சரிவாக இருந்தால் மண் நிரப்ப வேண்டும், வேறு யாருடையதாவது இருந்தால் வாங்க வேண்டும், இதற்கெல்லாம் முன்னால் சுற்றுச்சூழல் மதிப்பீடு முடிய வேண்டும். அந்த நிலம் கிடைக்காவிட்டால் புதிதாகப் போட்ட தாரின் ஒரு பகுதியைக் கணக்கில் சேர்க்கவே விடமாட்டார்கள். இத்தனை வருட வேலையும் முடிந்த பிறகும் மூடுபனி அப்படியே இருக்கும்.

மூடுபனியை விமானம் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தால் உங்கள் கோரிக்கை தானாக மாறிவிடும். விமானி கருவிகளைப் பார்த்துக்கொண்டே இறங்கி வருகிறார், அதற்கென்று அச்சிட்ட நடைமுறை ஒன்று இருக்கிறது. அதில் ஓர் அடிமட்ட உயரம் குறித்திருக்கும். அந்த உயரத்துக்கு வரும்போது ஓடுபாதையோ அதன் விளக்கோ கண்ணில் பட வேண்டும், படாவிட்டால் மேலே ஏறிப் போய்விட வேண்டும், இரண்டாவது பேச்சே இல்லை. நம் நகரம் மலை சூழ்ந்த குழிக்குள் இருப்பதால் மேகம் தாழ்ந்து வந்து உட்காரும் நாட்கள் இங்கே அதிகம். ஆகவே கேட்க வேண்டியது, அந்த அடிமட்ட உயரத்தை எப்படிக் குறைக்கலாம், விளக்கு எப்படி இன்னும் முன்கூட்டியே தெரியும் என்பதுதான்.

அதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் தரையில் இருக்கும் தடைகள்: மரம், செல்போன் கோபுரம், புதுக் கட்டடம். நம்முடையதைப் போன்ற ஓடுபாதைக்கு நேர் எதிரே, 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவில் ஒரு கற்பனைத் தளம் வரைவார்கள், அதற்கு மேல் எதுவும் தலைநீட்டக் கூடாது. அதாவது அந்தத் தளம் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஓடுபாதை மட்டத்தைவிட 20 மீட்டர் உயரத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டும். யூகலிப்டஸ் மரத்துக்கு 20 மீட்டர் ஒரு பெரிய விஷயமா? நம் ஊரைச் சுற்றி அந்த மரமும் வாட்டில் மரமும் எப்படி வளர்கின்றன என்று உங்களுக்கே தெரியும். மரத்தை வெட்ட ஓடுபாதை நீட்டும் செலவில் சிறு துளிதான் ஆகும், ஆனால் ஒவ்வொரு வருடமும் யாராவது அளந்து பார்த்து வெட்ட வேண்டும். சிறிய ஊர்களில் தவறிப்போவது இந்தத் தொடர்ச்சிதான்.

நடைமுறைகளுக்கும் காலக்கெடு உண்டு. ஐந்து வருடத்துக்கு மேல் போகாமல் மறுபரிசீலனை செய்ய வேண்டும், அதற்குப் புதிய தடை அளவீடு கையில் இருக்க வேண்டும். 2024-ல் நாட்டின் பல விமான நிலையங்களில் இந்தக் கருவி வழி நடைமுறைகளே நிறுத்தி வைக்கப்பட்டு, மேகம் தாழ்ந்தால் விமானம் ரத்து என்ற நிலை வந்தது நினைவிருக்கும். நடைமுறைகளை வரைவது தேசிய விமானப் போக்குவரத்துச் சேவை நிறுவனம், ஒப்புதல் தருவது சிவில் விமான ஆணையம், ஆனால் சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைத்து அளவீடு தருவது விமான நிலையத்தை நடத்துபவரின் பொறுப்பு. நம் ஊரில் அது ம்சுண்டூசி நகராட்சி.

இந்த இடத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். டர்பனின் கிங் ஷாக்கா, ஜொஹானஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ ஆகிய விமான நிலையங்களை நடத்தும் தேசிய விமான நிலைய நிறுவனத்துக்கு மனு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த நிறுவனத்தின் கையில் இருப்பவை ஒன்பது நிலையங்கள், மேரிட்ஸ்பர்க் அதில் இல்லை. அரசியலமைப்பின் நான்காம் அட்டவணை ‘நகராட்சி விமான நிலையங்கள்’ என்று தனியாகவே எழுதி உள்ளாட்சியிடம் கொடுத்திருக்கிறது. கதவு உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

இன்னொரு செலவையும் சொல்ல வேண்டும், தீயணைப்பு. முன்பு இங்கே வந்துகொண்டிருந்த 29 இருக்கை ஜெட்ஸ்ட்ரீம் 41 ஏறக்குறைய 19 மீட்டர் நீளம். 37 இருக்கை எம்ப்ரேயர் 135 இருபத்தாறு மீட்டரைத் தாண்டும். எட்டு இருக்கைதானே கூடுகிறது என்று தோன்றும், ஆனால் தீயணைப்பு வகையை விமானத்தின் நீளம்தான் முடிவு செய்கிறது. 18 முதல் 24 மீட்டர் வரை ஐந்தாம் வகை, 24 முதல் 28 வரை ஆறாம் வகை. ஐந்தாம் வகைக்கு ஒரு வண்டி போதும், வழக்கமாகப் பயன்படும் நுரை வகைக்கு 5400 லிட்டர் தண்ணீர். ஆறாம் வகைக்கு இரண்டு வண்டி, 7900 லிட்டர். நெரிசலான மூன்று மாதத்தில் அந்த விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் சேர்த்து 700 தடவைக்குக் குறைவாக இருந்தால் ஒரு வகை இறங்கிக்கொள்ளலாம் என்று சலுகை உண்டு. ஆனாலும் ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வண்டியை ஒரு முறை வாங்கிவிடலாம். அதை ஓட்டத் தெரிந்தவர்களை ஒவ்வொரு ஷிஃப்டிலும் வைத்திருப்பது மாதா மாதம் வரும் சம்பளம்.

இப்போது உங்கள் ரேட்ஸ் கேள்விக்கு வரலாம். ஏறுமா என்று நான் ஜோசியம் சொல்ல முடியாது, ஆனால் அதைச் சொல்ல வேண்டிய கடமை நகராட்சி மன்றத்துக்கு இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம், 19-ஆம் பிரிவு. எந்த மூலதனத் திட்டத்துக்கும் ஒப்புதல் தரும் முன், திட்டம் முடியும்வரை எல்லா வருடத்துக்குமான செலவையும், பிறகு நடத்துவதற்கான செலவையும் வருமானத்தையும், அதனால் வரியிலும் கட்டணத்திலும் வரும் பாதிப்பையும் மன்றம் பரிசீலித்தாக வேண்டும். தரையிறங்கும் கட்டணம், பயணிக் கட்டணம், ஹாங்கர் (விமானக் கொட்டகை) வாடகை, இவை நடத்தும் செலவில் எவ்வளவைத் தாங்கும், மீதி எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியைப் பிரிவு எண்ணோடு எழுதிக் கேளுங்கள். 2010-லும் 2019-லும் மாகாண நிர்வாகத்தின் கீழ் வைக்கப்பட்ட நகராட்சி நம்முடையது. தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் அதே பணப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதைக் கேட்பது விமான நிலையத்துக்கு விரோதம் ஆகாது. நடத்தும் செலவைப் பற்றி யோசிக்காமல் கட்டிய நிலையம்தான் சீக்கிரம் பூட்டப்படும். யாராவது தனியாரிடம் மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் என்று பேச்சு வந்தால், வரைவு ஒப்பந்தத்தை மன்றக் கூட்டத்துக்கு 60 நாள் முன்னதாக வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 33-ஆம் பிரிவு சொல்கிறது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்பார்களா? எழுத்தில், நேரத்தில் கொடுத்தால் கேட்டாக வேண்டும். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. அதற்கு 90 நாள் முன்பாவது, அதாவது ஏப்ரல் பிறப்பதற்குள், வரைவு பட்ஜெட் மன்றத்தில் வைக்கப்படும். உடனே மக்களிடம் கருத்துக் கேட்பார்கள், மே கடைசிக்குள் ஒப்புதலுக்கு வரும். ஆக உங்களுக்கு உண்மையான ஜன்னல் ஏப்ரல் மாதம்தான். நம் மாரியம்மன் கோயில் பெரிய வெள்ளித் தீமிதியும் விரதமும் பெரும்பாலும் இதே நாட்களில் வருவதால் நம் ஆட்கள் இந்தக் கூட்டங்களைத் தவறவிடுவதை நான் வருடா வருடம் பார்த்திருக்கிறேன். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். முன்கூட்டியே மார்ச்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்லது செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் வார்டுக் குழுவைப் பிடிப்பது, ஐ.டி.பி. என்று எல்லாரும் சொல்லும் ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டத்தின் வருடாந்திரத் திருத்தம் அப்போதுதான் உருவாகத் தொடங்கும். பட்ஜெட்டில் பணம் ஒதுக்க, அந்தத் திட்டத்தில் வேலை இடம்பெற்றிருக்க வேண்டும்.

நகராட்சிக்குக் கொடுப்பதை ஆங்கிலத்திலோ சூலுவிலோ எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் அலுவலக நேரத்தில் நேரே போகலாம். அவர்கள் சொல்வதை ஊழியர் ஒருவர் எழுதித் தர வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டத்தில் 21-ஆம் பிரிவு இருக்கிறது. ‘மேம்பாடு’ என்ற அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கருத்துச் சொல்லவும் முடியாது, அதனால் விமான நிலையத்தின் பெருந்திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) நகலையும் கடைசியாக எடுத்த தடை அளவீட்டின் தேதியையும் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் கேட்டு ஒரு விண்ணப்பம் போடுங்கள், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

கோரிக்கையை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “ஓடுபாதையின் இரு முனைகளிலும் தடை அளவீடு செய்து, தலைநீட்டும் மரங்களை அகற்றவும், ஆண்டுதோறும் அதைத் தொடரவும் இந்த ஆண்டு பட்ஜெட்டில் தொகை ஒதுக்க வேண்டும். ஓடுபாதை விளக்குகளும், சரியான சரிவில் இறங்க விமானிக்கு வழிகாட்டும் சரிவுகாட்டி விளக்குகளும் மின்தடையின்போது 15 விநாடிக்குள் ஜெனரேட்டருக்கு மாறுகின்றனவா என்ற சோதனை அறிக்கையை வெளியிட வேண்டும். கருவி வழி நடைமுறைகளின் அடுத்த மறுபரிசீலனைத் தேதியைத் தெரிவிக்க வேண்டும்.” இதன் கீழே உங்கள் தெரு முழுக்கக் கையெழுத்துப் போடட்டும். ஓடுபாதை நீட்டலை விட்டுவிட வேண்டாம், ஆனால் ‘அதற்கான நிலத்தில் புது வீடுகளுக்கு அனுமதி தராமல் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் ஒதுக்கி வையுங்கள்’ என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பெரிய பணம் வேண்டாம், பேனா போதும். இன்று வீடு கட்டவிட்டால் இருபது வருடம் கழித்து நீட்ட நினைப்பவர்களுக்கு வழியே இருக்காது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று. அம்மாவை எப்படி மேலே ஏற்றுகிறார்கள்? சிறிய விமானத்துக்குப் படிதான், பெரிய நிலையங்களில் இருப்பது போல நேரே நடந்து ஏறும் பாலம் இல்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஏறுவதாக இருந்தால் அம்மாவுக்கும் கூச்சம், தூக்குபவர்களுக்கும் முதுகு வலி, மழையில் படி வழுக்கும். சக்கர நாற்காலி ஏறுவதற்கென்றே மடிப்பு மடிப்பாகப் போகும் சாய்தளம் கிடைக்கிறது, ஒருவரோ இருவரோ தள்ளிக்கொண்டு வந்து கதவில் பொருத்திவிடலாம், மோட்டார் வேண்டாம், டீசல் வேண்டாம். விமான நிலைய மேம்பாடு என்ற பெயரில் வரும் கண்ணாடி முகப்புகளுக்கெல்லாம் முன்னால் வாங்க வேண்டிய பொருள் இது என்பது என் உறுதியான கருத்து. மாற்றுத்திறனாளிக்குத் தடையாக இருப்பதை நீக்காமல் விடுவது 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி பாகுபாடு என்பதையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

கூட்டத்துக்கு முடிந்தால் அம்மாவையும் அழைத்துப் போங்கள். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள். பட்ஜெட் ஒப்புதலான 28 நாளுக்குள் மேயர் செயலாக்கத் திட்டத்துக்குக் கையெழுத்திட வேண்டும், அதில் எந்த வேலை எந்தக் காலாண்டில் என்று இருக்கும். ஜூலையில் அதை எடுத்துப் பாருங்கள். சாய்தளமும் மரம் வெட்டுதலும் அதில் இல்லையென்றால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.