காரைக்குடியில் இருந்துகொண்டு பிளஸ் ஒன்னில் ஓவியமும் டிசைனும் படிக்க முடியுமா?

பத்தாவது முடித்த மகள் ஓவியம், டிசைன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், ஊர் காரைக்குடி, எந்த குரூப் எடுக்க வைப்பது, பின்னால் அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பக்கத்துக் கோட்டையூர்க்காரன்தான். சென்னை கவின் கலைக் கல்லூரியில் நெசவு வடிவமைப்பு படித்துவிட்டு, இருபது வருடமாக கரூரில் பெட்ஷீட், டவல், திரைச்சீலைக்கு டிசைன் போட்டுக்கொண்டிருக்கிறேன். சோறு போடுகிறது. ஆரம்பத்தில் அரை வயிறுதான்.

முதலில் குரூப். நம் மாநிலப் பாடத்திட்டத்தின் பொதுப் பிரிவுகளில் ஓவியம் என்று தனிப் பாடம் கிடையாது. தொழிற்கல்விப் பிரிவில் ‘நெசவியலும் ஆடை வடிவமைப்பும்’ உண்டு, ஆனால் அது எல்லாப் பள்ளியிலும் இருக்காது, விசாரிக்க வேண்டும். சிபிஎஸ்இ-யில் ஓவியம், வரைகலை, சிற்பம், விளம்பரக் கலை என்று நான்கு பாடங்கள் (049 முதல் 052 வரை) இருக்கின்றன. ஓவியத்தை எடுத்தால் எழுத்துத் தேர்வுக்கு 30, செய்முறைக்கு 70. அந்த எழுபதில் பொருளைப் பார்த்து வரைவது 25, தானே யோசித்துத் தீட்டும் படம் 25, ஆண்டு முழுக்க வரைந்தவற்றின் தொகுப்பு 20. எழுத்துப் பாடத்தில் சிந்துவெளி, அஜந்தா, சோழர் கால நடராஜர், ராஜஸ்தான் நுண்ணோவியம், முகலாய ஓவியம், வங்காள பாணி என்று வரிசையாக வரும். மெரினாவில் நாம் போண்டா தின்றுகொண்டே கடந்துபோகும் உழைப்பாளர் சிலையும் அதில் ஒரு பாடம். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர்.

நல்ல பாடத்திட்டம்தான். ஆனால் அந்த ஒரு பாடத்துக்காக மட்டும் பதினொன்றாம் வகுப்பில் போர்டு மாற்றாதீர்கள். என் சித்தப்பா மகளை அப்படித்தான் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். சேர்க்கையின்போது அறையெல்லாம் காட்டினார்கள், படத்தைச் சாய்த்து வைத்து வரைகிற ஈசல் சட்டம் கூட இருந்தது. ஓவிய ஆசிரியர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். அந்தப் பீரியடையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தரவே மாட்டார். கடைசி மாதத்தில் ஒரே வாரம் உட்காரவைத்து ஆண்டு முழுக்க வரைந்ததாக ஒரு தொகுப்பைத் தயார் செய்தார்கள். ஆகவே போய் விசாரிக்கும்போது ஈசலைப் பார்க்காதீர்கள். ஆசிரியர் தினமும் வருகிறாரா, போன வருடம் எத்தனை பிள்ளைகள் அந்தப் பாடம் எழுதினார்கள் என்று கேளுங்கள்.

எந்த குரூப் என்பதற்குச் சுருக்கமான பதில்: கட்டடக்கலை மனதில் இருந்தால் கணக்கும் இயற்பியலும் இல்லாமல் முடியாது, அதற்கு நாட்டா (NATA) என்ற நுழைவுத் தேர்வும் உண்டு. மற்ற பெரும்பாலான டிசைன், ஓவியப் படிப்புகளுக்குக் குரூப் தடை இல்லை. அகமதாபாத் என்ஐடி (NID, தேசிய வடிவமைப்பு நிறுவனம்), சென்னை தரமணியில் உள்ள நிஃப்ட்டின் (NIFT, ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) டிசைன் படிப்பு, ஐஐடி-களின் டிசைன் படிப்புக்கான யூசீட் (UCEED) தேர்வு, சென்னை, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரிகள் எல்லாம் பெரும்பாலும் எந்த குரூப்பில் பிளஸ் டூ முடித்தவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. நான் படித்தது வணிகவியல். இன்றைக்கு மீட்டர் துணிக்கு நூல் செலவு போடும்போது அந்தப் படிப்பு கைகொடுக்கிறது.

குரூப்பை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. என் கதையைச் சொன்னால்தான் அது புரியும்.

1999-இல் பிளஸ் டூ முடித்தேன். எங்கள் தெருவிலேயே நான்தான் ‘ஆர்ட்டிஸ்ட்’. வாரப் பத்திரிகையில் வரும் நடிகர் படத்தின் மேல் கட்டம் போட்டு, சார்ட்டிலும் கட்டம் போட்டு, பெரிதாக்கி வரைவேன். கண்ணில் மினுக்கம் கூட அப்படியே வரும். ஒரு நோட்டு நிறைய அதை எடுத்துக்கொண்டு சென்னைக்குச் செய்முறைத் தேர்வுக்குப் போனேன். ஒரு மேஜை மேல் துணியை மடித்துத் தொங்கவிட்டு, ஒரு மண்குடம், ரெண்டு செங்கல், ஒரு பூசணிக்கீற்று வைத்திருந்தார்கள். வரை என்றார்கள். கட்டம் எங்கே போடுவது? குடத்தின் வாயை வரைந்தேன். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் அது நீள்வட்டம், ரெண்டு ஓரமும் வளைந்து திரும்ப வேண்டும். நான் ரெண்டு ஓரத்தையும் கூராக முடித்துவிட்டேன், குடத்தின் கழுத்தில் ஒரு கெண்டை மீன் படுத்திருந்த மாதிரி. அடிப்பாகத்தை ஸ்கேல் வைத்தது போல நேர்கோடாக இழுத்தேன். என் பக்கத்தில் இருந்த பையனின் குடம் மேஜையில் உட்கார்ந்திருந்தது. என்னுடையது காற்றில் தொங்கியது. இடம் கிடைக்கவில்லை.

வீட்டில் அப்பா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடை ஒன்றில் சேர்த்துவிட்டார். துடைத்து அடுக்குகிற வேலை. அப்போது படம் பிடித்து அனுப்ப போன் ஏது? எனக்கு வரைய வரும் என்று தெரிந்ததும் முதலாளி ஒரு தடித்த இருப்புப் புத்தகத்தைக் கொடுத்து, ஒவ்வொரு சாமானையும் அளவோடு வரைந்து வைக்கச் சொன்னார். மரவை என்கிற மரப் பாத்திரம், எச்சில் துப்பும் பித்தளைப் படிக்கம், எனாமல் தூக்கு, வீடு இடித்த இடத்தில் இருந்து வந்த, தூணின் தலையில் வைக்கிற தேக்குப் போதிகை. ஒருநாள் மரவைக்கு மேல் மூடியை வரைந்திருந்தேன். முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “என்னப்பா, இந்த மூடி இதுல உக்காருமா? எடுத்துவச்சுப் பாரு, உள்விளிம்பு எங்க?” என்றார். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே அரை விரற்கடைக்கு ஒரு படி கடைந்திருந்தது. ஆறு மாதமாகத் தினமும் துடைத்த சாமான், அதுவரை என் கண்ணில் படவில்லை. அவருக்கு ஓவியம் தெரியாது, சாமான் தெரியும்.

அடுத்த வருடம் அதே தேர்வுக்கு இருப்புப் புத்தகத்தில் இருந்தவற்றைத் திரும்ப வரைந்து எடுத்துப் போனேன். இடம் கிடைத்தது.

உங்கள் மகளுக்கும் இதைத்தான் சொல்வேன். இந்த ரெண்டு வருடத்தில் போனில் இருக்கும் படத்தைப் பார்த்து வரைவதை நிறுத்தட்டும், எதிரே இருப்பதை வரையட்டும். நிஃப்ட்டின் படம் வரையும் தாளாகட்டும், கையில் அட்டையும் கம்பியும் கொடுத்து ஏதாவது செய்யச் சொல்லும் அடுத்த சுற்றாகட்டும், என்ஐடி-யின் ரெண்டாம் கட்டத் தேர்வாகட்டும், பார்த்துப் பழகாத கையை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு நம்ம ஊரைப் போல வசதி சென்னைப் பிள்ளைகளுக்குக் கூட இல்லை. ஒரு சனிக்கிழமை ஆத்தங்குடிக்குக் கூட்டிப் போங்கள். தரையில் பதிக்கிற பூக்கல் (டைல்) போடும் பட்டறையில் அரைமணி நேரம் நின்றாலே போதும். கண்ணாடித் துண்டை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, அதன் மேல் பூ அச்சை இறக்குவார்கள். ஒவ்வொரு அறைக்குள்ளும் சாயம் கலந்த சிமெண்ட் பாலைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். மேலே மணலும் சிமெண்டும் போட்டு நிரப்பி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைத்தால் கண்ணாடி கழன்றுகொள்ளும். கண்ணாடியைத் தொட்ட முகம்தான் தரையில் மேலே தெரிவது. சூளையில் சுடாமலே அந்தப் பளபளப்பு வருவது இப்படித்தான். அதாவது, ஊற்றுகிறவர் தன் டிசைனைப் பின்பக்கம் இருந்து, இடவலம் மாற்றி அமைக்கிறார். துணி அச்சுக்கட்டையிலும் இதே கணக்கு. கல்லூரியில் இதை நடத்தியபோது எனக்குப் புதிதாக இல்லை.

அங்கே ஒரே ஒரு கல்லை வாங்கி வரச் சொல்லுங்கள், கால் பூ மட்டும் இருக்கிற கல்லாகப் பார்த்து. அதை நான்கு முறை திருப்பித் திருப்பி வரைந்தால் முழுப் பூ வரும். பதினாறு முறை வரைந்தால், நீங்கள் வரையாத ஒரு நட்சத்திரம் இடைவெளிகளில் முளைப்பதும் உண்டு. டிசைனில் நாங்கள் ‘ரிப்பீட்’ என்பது இதுதான். கரூரில் எனக்குச் சம்பளம் தருவதும் இதற்குத்தான். பள்ளத்தூரில் எங்கள் சொந்தக்கார வீட்டு இரண்டாம் கட்டுத் தரையில் ஒரு கல் திரும்பிக் கிடக்கிறது. சின்ன வயதில் இருந்து அதன் மேல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், தரையை வரைந்தபோதுதான் தெரிந்தது. கொட்டான் என்கிற ஓலைக் கூடையின் பின்னல், 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கண்டாங்கிச் சேலையின் கட்டம் எல்லாமே இப்படி எண்ணி வரைய வேண்டியவை.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளி ஓவிய ஆசிரியர் வேலையை நம்பி இதில் இறக்காதீர்கள். 2012-இல் பகுதிநேரமாக எடுக்கப்பட்டவர்கள் நிரந்தரம் கேட்டு வருடக்கணக்காகப் போராடினார்கள். துணி, பேக்கிங், செயலி வடிவமைப்பு, அனிமேஷன் பக்கம் வேலை இருக்கிறது, ஆனால் முதல் மூன்று வருடம் இன்ஜினியரிங் படித்த பக்கத்து வீட்டுப் பையன் சம்பளத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்கு வயிறெரியும். செலவையும் பாருங்கள். என்ஐடி, நிஃப்ட் கட்டணம் லட்சங்களில் போகும், அரசு கவின் கலைக் கல்லூரிக் கட்டணம் அதன் பக்கத்தில் கூட வராது. நான் படிக்க முடிந்ததே அதனால்தான்.

மகள் இப்போது என்ன வரைகிறாள் என்று எழுதவில்லையே. ரெண்டு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். நடிகர் படம் வேண்டாம், உங்கள் அடுப்படியில் இருக்கிற ஏதாவது ஒரு பாத்திரம், மூடியோடு.