சர்க்கரை நோயாளியின் கால் புண்: எந்தக் கட்டு போடுவது?

கேள்வி: என் மாமனாருக்குச் சர்க்கரை உண்டு. சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்க வெயிலில் செருப்பில்லாமல் நடந்தார். பாதத்தில் கொப்புளம் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. இப்போது அது புண்ணாகிவிட்டது. தினமும் பஞ்சு வைத்துக் கட்டுகிறேன். பிரித்தால் ஒட்டிக்கொண்டு ரத்தம் வருகிறது. காற்றாட விட்டால் காய்ந்துவிடும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். மெடிக்கலில் எதைக் கேட்டு வாங்குவது?
ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: முதலில் பஞ்சை நிறுத்துங்கள். புண்ணுக்குள் சிவப்பாக, முத்து முத்தாக மினுமினுக்கிறதே, அதுதான் புதுச்சதை. பஞ்சோடு பிய்ந்து வருவது அதுதான். சர்ஜரி வார்டில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் வீட்டார்களிடம் நான் கெஞ்சிக் கேட்டது இது ஒன்றைத்தான்: ஒட்டினால் இழுக்காதீர்கள், சலைன் (மெடிக்கலில் விற்கும் உப்புநீர்) ஊற்றி ஊறவிட்டு மெதுவாக எடுங்கள்.

காற்றாடவும் விட வேண்டாம். ஈரம் இருந்தால்தான் புதுத்தோல் ஓரத்திலிருந்து நகர்ந்து வந்து புண்ணை மூடும். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றித் தோலில் சோதித்தபோது, மூடி வைத்த புண்ணில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடியது. அதற்காகச் சொதசொதவென்று விட்டுவிடவும் கூடாது. சுற்றுத்தோல் வெளுத்து ஊறிப்போனால் புண் அகலமாகும்.

எனவே கழற்றிய கட்டைப் பாருங்கள். மேல்மடிப்பு வரை நனைந்திருந்தால் ஃபோம் (ஸ்பாஞ்சு மாதிரிக் கட்டு) அல்லது ஆல்ஜினேட் பொருந்தும். ஆல்ஜினேட் கடற்பாசியில் செய்வது. மன்னார் வளைகுடாவில் எடுக்கும் பாசியிலிருந்தும் ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். நீரைக் குடித்துக் கூழாகிவிடும், சதையில் ஒட்டாது. கசிவு குறைவென்றால் பாரஃபின் காஸ் (மெழுகுப்பசை தடவிய வலைத்துணி) வைத்து மேலே சாதாரண காஸ் போதும், செலவும் குறைவு. வறண்ட புண்ணுக்கு ஹைட்ரோஜெல், அதாவது ஈரம் தரும் கூழ். ஹைட்ரோகொலாய்டு என்ற ஒட்டும் பட்டை காற்றுப் புகாமல் மூடும். சீழ் வைத்த புண்ணில் அதை ஒட்டவே ஒட்டாதீர்கள்.

கழுவ சலைன் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்து வருவதைப் பார்த்து அழுக்கெல்லாம் போகிறது என்று நினைக்கிறோம். புதிதாக வளரும் செல்களையும் அது அழிக்கும். மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம்.

ஆனால் ஒன்று. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டிரெஸ்ஸிங்கும் அவர் அந்த இடத்தை மிதித்து நடந்தால் வீண். வலி தெரியாததால் அவர் நடந்துகொண்டேதான் இருப்பார், நீங்கள்தான் தடுக்க வேண்டும். மெடிக்கலுக்குப் போகும் முன் டாக்டரிடம் காட்டுங்கள்; தனியாரிடம் செலவழிக்க முடியாவிட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. புண் எலும்பு வரை போயிருக்கிறதா, பாதத்துக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாதத்தில் பாரம் விழாதபடி செருப்போ மாவுக்கட்டோ சொல்வார்கள். அதன்பிறகுதான் எந்தக் கட்டு என்பது. சர்க்கரையும் கட்டுக்குள் வர வேண்டும்.

சிவப்பு பரவினாலோ, நாற்றம் அடித்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்று இரவே கிளம்புங்கள்.