இனிஷியல் முன்னாலா, பின்னாலா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பத்தாம் வகுப்பு வரை இங்கே தமிழ் வழியில் படித்தேன். பி.எஸ்சி. வேதியியலைக் கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழும், எம்.எஸ்சி.யைக் காலிகட் பல்கலைக்கழகத்தின் கீழும் முடித்தேன். வரும் டிசம்பரில் அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கப் போகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் என் இனிஷியல் பெயருக்குப் பின்னாலும், கோவைச் சான்றிதழ்களில் முன்னாலும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டுமே உள்ளது. குடும்பப்பெயர்க் கட்டம் காலி. சான்றிதழ்களையெல்லாம் திருத்த வேண்டுமா? எல்லாவற்றுக்கும் நோர்க்கா (கேரள அரசின் வெளிநாடுவாழ் கேரளத்தவர் விவகாரத் துறை) அத்தாட்சி வாங்க வேண்டும் என்று ஒரு முகவர் சொல்கிறார். அங்கே போய் இறங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?”

சான்றிதழ்களைத் தொடாதீர்கள். திருத்த வேண்டியது பாஸ்போர்ட் ஒன்றுதான். அதையும் தேர்வுகளுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

எடுத்துக்காட்டுக்காக உங்கள் பெயரைக் கலைவாணி என்றும், அப்பாவின் பெயரை மாணிக்கம் என்றும் வைத்துக்கொள்கிறேன். மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளத்துக்கு மேற்கே, கேரளத்தில், நீங்கள் ‘கலைவாணி எம்.’, கிழக்கே, தமிழ்நாட்டில், ‘எம். கலைவாணி’. இரண்டு மாநிலங்களின் வழக்கமும் நமக்குப் பழகிவிட்டதால் இது ஒரு வேறுபாடாகவே நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் ஏற்கப்படாது, அதை விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால்தான் பலர் அப்பா பெயரையே விட்டுவிட்டு ஒற்றைப் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா ஒட்டும்போது, உங்கள் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, முதற்பெயர்க் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சிடுவார்கள். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்திலோ அந்த மூன்றெழுத்து இருக்காது. முதற்பெயர்க் கட்டம் காலியாகவே விடப்படும். சட்டப்படி இதில் தவறு எதுவும் இல்லை, விசாவும் மறுக்கப்படாது. தொல்லையெல்லாம் அதற்குப் பிறகுதான்: வங்கி, ஓட்டுநர் உரிமம், மருத்துவக் காப்பீடு என்று ஒவ்வொரு கணினியும் அந்தக் காலிக் கட்டத்தைத் தனக்குத் தோன்றியபடி நிரப்பும். ஒன்று எஃப்.என்.யூ. என்னும், ஒன்று புள்ளி வைக்கும், இன்னொன்று உங்கள் பெயரையே இரண்டு முறை எழுதும்.

நான் மாணவனாக இருந்தபோது ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் செவிலியர் ஒருவர் வாசலில் நின்று “ஃப்னூ, ஃப்னூ” என்று அழைத்துக்கொண்டிருந்தார். யாரோ சீனத்து மாணவர் எழுந்து வரவில்லை போலும் என்று நினைத்து நானும் சுற்றுமுற்றும் பார்த்தேன். மூன்றாவது முறை அவர் பிறந்த தேதியையும் சேர்த்துப் படித்த பிறகுதான், அது நான் என்று விளங்கியது.

ஆகவே இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள். எதில் எதை எழுதுவது என்பதில்தான் கொஞ்சம் யோசனை வேண்டும். தமிழ்நாட்டு வரிசையை அப்படியே விரித்தால் ‘மாணிக்கம் கலைவாணி’ என்றாகி, உங்கள் சொந்தப் பெயர் குடும்பப்பெயராக நிற்கும். 1983-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர் இந்த வரிசையில் அமைந்ததுதான். சுப்ரமணியன் அவருடைய தந்தையின் பெயர். வெண்குறுமீன் எனப்படும் விண்மீன்களின் நிறைக்கு அவர் வகுத்த எல்லை ‘சந்திரசேகர் எல்லை’ என்று அவருடைய சொந்தப் பெயரிலேயே வழங்குவது அதனால்தான். கேரள வரிசையில் எழுதியிருந்தால் அது ‘சுப்ரமணியன் எல்லை’ ஆகியிருக்கும்.

இருந்தும் நான் உங்களுக்குச் சொல்வது கேரள வரிசையைத்தான்: முதற்பெயர் கலைவாணி, குடும்பப்பெயர் மாணிக்கம். பிறந்த தேதிக்குச் சான்றாகும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருக்கும் வரிசையும் இதுவே என்பது ஒரு காரணம். வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் கடையிலும் உங்களை முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். நாள் முழுவதும் யாரோ “மாணிக்கம்” என்று அழைக்க நீங்கள் திரும்பிப் பார்ப்பதைவிட, எப்போதாவது ஒரு மின்னஞ்சல் ‘மிஸ் மாணிக்கம்’ என்று தொடங்குவது பரவாயில்லை. ஆய்வுக் கட்டுரையில் போடும் பெயர் பாஸ்போர்ட்டைப் பின்பற்ற வேண்டும் என்ற விதி எதுவும் கிடையாது. எம். கலைவாணி என்றே எழுதலாம். ஆனால் முதல் கட்டுரைக்கு முன் முடிவு செய்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஓர்கிட் எண் ஒன்றைப் பெற்று, கடைசிவரை அதே பெயரில் எழுதுங்கள்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது ‘மறுவழங்கல்’ என்பதன் கீழ், பெயர் விவரத்தில் மாற்றம் என்று குறிப்பிட வேண்டும். அப்பாவின் பெயரை அவருடைய ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் உள்ள அதே ஆங்கில எழுத்துகளில் எழுதுங்கள். மாணிக்கத்துக்கு ‘சி’யும் ‘கே’யும் போடுவதா, இரண்டு ‘கே’ போடுவதா என்பது வீட்டில் யாருக்கும் பொருட்டில்லை. செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட அவருடைய வங்கிக் கணக்கை நீட்டும்போது அந்த ஓர் எழுத்து கேள்விக்கு உள்ளாகும். கூடவே, மூன்று வடிவப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்கு, கேரள அரசின் இ-டிஸ்ட்ரிக்ட் இணையச் சேவை வழியாகக் கிராம அலுவலகம் தரும் ‘ஒன் அண்ட் சேம்’ சான்றிதழுக்கு அக்ஷயா இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். பழைய சான்றிதழ்களின் பெயர் வேறுபாட்டுக்கு அது ஒன்றே பெரும்பாலும் போதும்.

புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் தேர்வுக்கூடத்தில் அடையாளமாகப் பெரும்பாலும் கேட்பது அதைத்தான். பிறகு பல்கலைக்கழக விண்ணப்பம், ஐ-20, செவிஸ் என்ற அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டுக்கான 350 டாலர் கட்டணம், டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், விசா நேர்காணல் என்று எல்லாமே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைத்தான் எழுத்துப் பிசகாமல் பின்பற்றும். ஐ-20 வந்தபின் பெயரை மாற்றக் கிளம்பினால் தொடக்கத்திலிருந்து அனைத்தையும் திருத்த வேண்டியிருக்கும்.

நோர்க்கா அத்தாட்சி பெரும்பாலும் வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் வாங்குவது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக அதைக் கேட்பதில்லை, முகவருக்குக் கொடுக்கும் பணம் வீண். மதிப்பெண் பட்டியல்களை விண்ணப்பிக்கும்போது ஸ்கேன் செய்து ஏற்றினாலே பல இடங்களில் போதும். இடம் கிடைத்த பிறகுதான் பல்கலைக்கழகமே முத்திரையிட்டு அனுப்பும் பிரதி தேவைப்படும். அதற்காகக் காலிகட் பல்கலைக்கழகம் இருக்கும் தேஞ்ஞிப்பலத்துக்கும், பாரதியார் பல்கலைக்கழகம் இருக்கும் கோவை மருதமலை சாலைக்கும் தனித்தனியே அலைய வேண்டியிருக்கும் என்பதால், இப்போதே முத்திரையிட்ட பிரதிகளை இரண்டிரண்டு உறைகளில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; உறையைப் பிரித்துவிடாதீர்கள். மூன்றாண்டு பி.எஸ்சி.யோடு ஈராண்டு எம்.எஸ்சி.யும் இருப்பதால் படிப்பின் ஆண்டுக் கணக்கில் உங்களுக்குக் குறை வராது. ஜி.ஆர்.இ. என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வைப் பல வேதியியல் துறைகள் கைவிட்டுவிட்டன. ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது, ஆய்வகத்தில் உங்கள் கை வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த ஆசிரியருடையதாக இருக்கட்டும். உதவித்தொகையோடு இடம் தந்தால், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல உங்களுக்கு அவகாசம் உண்டு. அதற்குமுன் அவசரப்படுத்தினாலும் நிதானமாக இருங்கள்.

படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. இறங்கியதும் முதல் வேலை, பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் வருகையைப் பதிவு செய்வது. அவர்கள் அதைச் செவிஸ் கணினியில் ஏற்றிய பிறகே, சம்பளம் வாங்கத் தேவைப்படும் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பிக்க முடியும். பத்து நாள் பொறுத்துப் போவது நல்லது. ஆசிரிய உதவியாளர் பணிக்கான கடிதம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் உதவித்தொகை செப்டம்பர் கடைசிவரைகூடத் தள்ளிப்போகலாம், ஆனால் வீட்டு உரிமையாளர் முன்பணத்தையும் முதல் மாத வாடகையையும் ஆகஸ்டிலேயே கேட்பார். இரண்டு மாதச் செலவுக்கான பணத்தை ஊரிலிருந்தே ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். சமூகப் பாதுகாப்பு அட்டை தபாலில் வந்ததும் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் சம்பளப் பட்டியலில் ஏறுவதற்குமுன் அதே அலுவலகத்துக்குப் போய்த் திருத்திக்கொள்ளுங்கள்.