‘அரசியல் சரிநிலை’ என்ற சொல்லின் பொருள் பொதுவிவாதத்தில் எப்படி மாறியது?

எந்தப் பிரிவினரையும் இழிவுபடுத்தாத சொற்களையே ஆள வேண்டும் என்ற நிலைப்பாட்டை ஆங்கிலத்தில் ‘பொலிடிகல் கரெக்ட்னஸ்’ என்பார்கள்; தமிழில் ‘அரசியல் சரிநிலை’. இன்று ஒருவர் இப்படிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் யாரையோ குறை சொல்லப்போகிறார் என்றே பொருள். அச்சொல்லைத் தனக்குச் சூட்டிக்கொள்பவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. சொல்பவர் யார் என்பது மாற மாற, அதன் பொருளும் மாறிவந்திருக்கிறது.

1793இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் வில்சன் ஒரு வழக்கில் இத்தொடரை நேர்ப்பொருளில் ஆண்டார். விருந்துகளில் ‘ஐக்கிய அமெரிக்கா’வை வாழ்த்துவது அரசியல் நோக்கில் சரியன்று, அதன் மக்களையே வாழ்த்த வேண்டும் என்றார். இருபதாம் நூற்றாண்டில் இடதுசாரிகளிடையே அது கட்சி நிலைப்பாட்டோடு ஒத்துப்போவதைக் குறித்தது. 1970களில் அவர்களும் பெண்ணியர்களும் தம் தோழர்களின் கொள்கை விறைப்பைச் சுட்டவும் அதைப் பயன்படுத்தினார்கள். அதுவரை அது வீட்டுக்குள் பேசிக்கொண்ட சொல்.

1990இல் நியூயார்க் டைம்ஸ் அதைப் பல்கலைக்கழகங்களில் பரவும் புதிய ஆதிக்கமாக எழுதியது. மறு ஆண்டு மே மாதம் மிச்சிகன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அதிபர் ஜார்ஜ் புஷ், இனவெறியையும் பாலினப் பாகுபாட்டையும் துடைத்தெறியும் நல்ல விருப்பத்திலிருந்தே அது பிறந்தது என்று ஒப்புக்கொண்டு, ஆனால் பழைய முற்சாய்வுகளின் இடத்தில் புதியவற்றை வைக்கிறது என்று எச்சரித்தார். அந்தப் பாதி ஒப்புதலும் பின்னர் காணாமற்போயிற்று. 2015இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் விவாதத்தில், பெண்களை இழிவாகப் பேசியது பற்றிக் கேட்கப்பட்டபோது, டொனால்ட் டிரம்ப் நாட்டின் பெரிய பிரச்சினையே இந்தச் சரிநிலைதான் என்றார். கேள்விக்கு உள்ளான பேச்சு அப்படியே நிற்க, கேள்வி கேட்டதே குற்றமாகிவிட்டது.

தமிழுக்கு இச்சொல் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பொருளோடுதான் வந்து சேர்ந்தது. ஆனால் மரியாதையான பெயருக்கான கோரிக்கை நம் மண்ணில் அதைவிட மூத்தது. ஒடுக்கப்பட்டோரின் தலைவர் எம்.சி.ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் வலியுறுத்தியதன் பேரில் 1922இலேயே ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை அரசு ஏற்றது. பிறகு காந்தி ‘ஹரிஜன்’ என்றழைத்ததை அம்பேத்கர் ஏற்கவில்லை. என்னை எப்படி அழைப்பது என்பதை நானே சொல்வேன் என்ற நியாயத்தை, மேல்நாட்டு மோகம் என்று ஒதுக்குபவர்கள் இந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

என் பெரியம்மா மகள், அக்கா, இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்டவர். ரேஷன் கடை வரிசையில் அவர் பெயருக்கு முன்னால் ‘நொண்டி’ என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள்; அதே பெயரில் தெருவில் இன்னொருத்தி இருப்பதால் அடையாளத்துக்கு என்பார்கள். அக்கா திரும்பிப் பார்க்காமல் நிற்பார். வெறும் பெயரைச் சொல்லி மறுபடி கூப்பிட்ட பிறகே பையை எடுத்துக்கொண்டு நகர்வார்.

‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் வந்தபோது உறவினர் ஒருவர், “இனிமே வாயே திறக்க முடியாது போல” என்று சலித்துக்கொண்டார். அக்காவுக்கும் அச்சொல்மேல் குறை உண்டு. “பேரை மாத்தினது சரி, தாலுகா ஆபீஸ் மாடிப்படியை எப்ப மாத்துவாங்க?” என்று கேட்டார். விவாதங்களில் இவ்விருவரையும் அரசியல் சரிநிலையின் எதிர்ப்பாளர்கள் என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். உறவினருக்கு அந்த மாற்றமே அதிகம். அக்காவுக்கு அது போதவில்லை.