அப்பாவின் காது மிஷின் எங்கே?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது. நிமோனியாவுக்காக ஐசியூவில் சேர்த்து எட்டு நாளாகிறது. வென்டிலேட்டரை எடுத்த பிறகு, சுவரில் பூச்சி ஊர்கிறது, சிஸ்டர்கள் கொல்லப் பார்க்கிறார்கள் என்று அழுகிறார். கையைக் கட்டியிருக்கிறார்கள். பத்து நிமிடம்தான் உள்ளே விடுகிறார்கள். புத்தி பேதலித்துவிட்டதா?

பதில்: இல்லை. இதற்கு டெலிரியம் என்று பெயர். கிருமித் தொற்று, மயக்க மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மூளையைக் கலக்கிவிடும். வென்டிலேட்டரில் இருந்த முதியவர்களிடம் அடிக்கடி பார்க்கிறோம். காலையில் தெளிவாகப் பேசியவர் இரவில் உளறுவார். பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். சிலருக்கு மறதி மாதக்கணக்கில் நீளும்.

அவர் படுத்திருக்கும் இடத்தை யோசித்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் டியூப்லைட், ஓயாத பீப் சத்தம், மாஸ்க் போட்ட யாரோ இந்தியில் அதட்டுகிறார். (மலையாளி சிஸ்டர் வாய்த்தால் பாதிக் கவலை விட்டது.) அவர் கண்ணாடியோ காது மிஷினோ போடுபவர் என்றால், அவை அட்மிஷன் அன்று மோதிரத்தோடு கவரில் போட்டுத் தந்தபடி உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும். முதலில் அவற்றைக் கொண்டுபோங்கள். மிஷினுக்குப் புது பேட்டரி போடுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் “நான் யாருன்னு தெரியுதா?” என்று பரீட்சை வைக்காதீர்கள். நீங்களே சொல்லுங்கள்: “அப்பா, இது ஆஸ்பத்திரி. இன்னைக்கு வியாழக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி. சளி குறைஞ்சிருக்கு.” பூச்சி இல்லை என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம், “பயமா இருக்கா? நான் இருக்கேன்” போதும். வலி, தண்ணி, ஒண்ணுக்கு என்று அவர் சொல்லும் வார்த்தைகளை இந்தி அர்த்தத்தோடு எழுதிச் சிஸ்டரிடம் கொடுங்கள்.

கை கட்டியிருப்பது டியூபைப் பிடுங்காமல் இருக்கத்தான். ஆனாலும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அவிழ்க்கலாமா என்று தினமும் கேளுங்கள். மிடசோலம் போன்ற தூக்க மருந்தே குழப்பத்தைக் கூட்டலாம். கொடுக்கிறார்களா, குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை. அப்புறம், அப்பாவுக்குத் தினமும் குடிக்கிற பழக்கமோ தூக்க மாத்திரையோ இருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அவை திடீரென நின்றாலும் இப்படி ஆகும். அதற்கு வைத்தியம் வேறு.

எழுப்பினாலும் எழாவிட்டால், ஒரு பக்கக் கைகால் அசையாவிட்டால், வாய் கோணினால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

தெளிந்த பிறகு, அந்தப் பூச்சியைப் பற்றி அவரே மெதுவாகக் கேட்கக்கூடும். என்ன நடந்தது என்று அப்போது தேதியோடு சொல்ல, இன்றிலிருந்து நோட்டில் தினம் இரண்டு வரி எழுதி வையுங்கள்.